சக்கரத்தின் மூட்டு



சென்ற ஆண்டின் வரவு செலவுக் கணக்கைப் பார்த்த சபையார் ஒருவர், "வாகனப் பராமரிப்பு என்று தனியே ஒரு தொகை காட்டியிருக்கிறீர்களே, வண்டி பழுதானால்தானே செலவு வரும்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். பிக்கப் வண்டியின் முன்சக்கரத்தில் இருக்கும் ஒரு சிறிய உறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு இதற்குப் பதில் எழுதுகிறேன். அதன் பெயர் பால் ஜாயின்ட்.

மருத்துவர் ஊர் ஊராகப் போய் வருவது நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1838-ல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கியபோது உலகில் மோட்டார் வண்டியே கிடையாது. எவரெஸ்ட் மலைப் பயணங்களில் 1922-லும் 1924-லும் பங்கேற்ற டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல் நெய்யூரில் பணியாற்றிய காலத்தில் பல ஊர்களில் கிளை மருத்துவமனைகள் இருந்தன. இன்று எங்கள் பிக்கப் மருந்துப் பெட்டிகளையும் செவிலியரையும் ஏற்றிக்கொண்டு காலையில் குளச்சல் பக்கம் கடற்கரைக்கும் மறுநாள் பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கும் போகிறது. ஒரு பக்கம் உப்புக்காற்றும் மணலும், மறுபக்கம் செம்மண் சேறும் ஓடை நீரும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்கு உண்டு என்பதால் வண்டியின் அடிப்பாகம் நன்றாகக் காய்ந்திருக்கும் மாதங்கள் குறைவு.

மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்கு இடுப்பு மூட்டு என்றால் தெரியும். தொடை எலும்பின் உருண்டையான தலை ஒரு கிண்ணத்துக்குள் அமர்ந்து எல்லாப் பக்கமும் திரும்பும். பால் ஜாயின்ட் அதே அமைப்புதான். எஃகுக் குண்டு ஒன்று, அது உட்காரும் கிண்ணம் ஒன்று, இரண்டுக்கும் நடுவே கிரீஸ், வாயை மூடியபடி ஒரு ரப்பர் உறை. சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கவும் வேண்டும், ஸ்டியரிங் சொல்படி திரும்பவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒரே இடத்தில் நடத்திக் கொடுப்பது இந்தக் குண்டு. கமான் பட்டை வைத்த பழைய ஜீப்புகளில் சக்கரத்தைத் தாங்க கிங் பின் உண்டு. அவற்றில் பால் ஜாயின்ட் ஸ்டியரிங் கம்பிகளின் முனையில்தான் வரும். முன்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கி, ஸ்பிரிங்கின் பாரம் கீழ்க் கையில் இறங்கும் வண்டிகளிலோ கீழ்ப்பக்க பால் ஜாயின்ட்தான் முன்பாரத்தைச் சுமக்கிறது.

இதன் உயிர் அந்த ரப்பர் உறையில் இருக்கிறது. உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே போகும், தண்ணீரும் மணலும் உள்ளே வரும். பிறகு குண்டு கிண்ணத்தை அரைக்கத் தொடங்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பள்ளத்தில் இறங்கும்போது ஒரு சத்தம், டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்வது, நேர்சாலையில் வண்டி ஒரு பக்கம் அலைவது ஆகியவைதான் அடையாளம். கடைசியில் குண்டு கிண்ணத்தை விட்டுக் கழன்றுவிடும். அப்போது சக்கரம் சாய்ந்து மட்கார்டுக்குள் மடங்கும்; பிரேக் குழாயும் சேர்ந்து அறுந்து போகக்கூடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் ஓட்டுநர் அண்ணன் வந்து, "சார், குழியில எறங்கும்போ முன்னால டொக்குன்னு ஒரு சத்தம் கேக்கு" என்றார். அந்த மாதம் முகாம்கள் நெருக்கமாக இருந்தன. "இந்த வாரம் போகட்டும், பிறகு பட்டறையில் விடலாம்" என்றேன். அதையே மறுவாரமும் சொன்னேன். மூன்றாம் வாரம் குலசேகரத்துக்கு அப்பால் ஒரு திருப்பத்தில் இடது சக்கரம் மடங்கிவிட்டது. ஏற்றம் என்பதால் வண்டி ஊர்ந்துதான் போய்க்கொண்டிருந்தது. உள்ளே இருந்த மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதே சாலையில் இறங்கி வரும்போது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன். முகாமில் காத்திருந்தவர்கள் மாலையில் மருந்தில்லாமல் வீட்டுக்குப் போனார்கள். தவறு ஓட்டுநருடையதல்ல, என்னுடையது.

அதன்பின் மாதம் ஒருமுறை வண்டியை ஜாக்கியில் ஏற்றாமல் விடுவதில்லை. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எங்கள் வண்டியில் ஸ்பிரிங்கின் பாரம் கீழ்க் கையில் இறங்குகிறது. ஜாக்கியைச் சேசிஸில் வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங் கீழ்க் கையை அழுத்தி ஜாயின்ட்டை இறுக்கியே வைத்திருக்கும். தேய்ந்த ஜாயின்ட்டும் நல்லதுபோல் காட்டும். ஆகவே ஜாக்கியைக் கீழ்க் கைக்கு அடியில், சக்கரத்துக்குப் பக்கமாக வைக்க வேண்டும். சக்கரம் தரையை விட்டுச் சற்று எழும்பியதும் டயருக்கு அடியில் கம்பி கொடுத்து நெம்பிப் பார்க்க வேண்டும். இன்னொருவர் ஜாயின்ட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு வீல் பேரிங்கில்; நிற்காவிட்டால் பால் ஜாயின்ட்டைச் சந்தேகிக்கலாம். பக்கவாட்டில் ஆட்டம் தெரிந்தால் ஸ்டியரிங் கம்பி முனைகளைப் பாருங்கள்.

கிரீஸ் அடிப்பது எளிது, ஆனால் பலர் அவசரப்படுகிறார்கள். நிப்பிளின் தலையைத் துடைக்காமல் அடித்தால் அதிலிருக்கும் மணலையும் சேர்த்தே உள்ளே தள்ளுகிறோம். கையால் அடிக்கும் கிரீஸ் கன் போதும். உறை இலேசாக உப்பியதும் நிறுத்திவிட வேண்டும். மேலும் அழுத்தினால் காப்பாற்ற வேண்டிய உறையையே வெடிக்க வைப்போம். வெளியே வரும் பழைய கிரீஸ் துரு நிறத்தில் இருந்தால் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது என்று பொருள். ஓடையில் இறங்கிய வண்டிக்கு அடுத்த தவணை வரை காத்திராமல் அந்த வாரமே அடித்துவிடுகிறோம். இப்போது வரும் பல ஜாயின்ட்டுகளில் நிப்பிளே கிடையாது. அவற்றுக்கு உறை கிழியாமலிருக்கிறதா என்று பார்ப்பது ஒன்றே பராமரிப்பு.

ஆட்டம் கண்ட ஜாயின்ட்டைப் பற்றவைத்தோ தட்டி இறுக்கியோ ஓட்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள், மாற்றிவிடுங்கள். மாற்றும்போது நட்டின் பூட்டுப் பின்னும் புதிதாக இருக்கட்டும். பின் போடும் துளை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் சிறிது முறுக்க வேண்டுமே தவிர, தளர்த்தக் கூடாது. கடைசியில் வீல் அலைன்மென்ட் பார்க்காவிட்டால் புது டயரும் ஓரம் தேய்ந்துவிடும்.

உங்களில் பல சபைகளிலும் வேன் இருக்கிறது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறது. அதன் முன்சக்கரம் எந்த வகை என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டு, மே மாதக் கடைசியில், மழை தொடங்கும் முன், ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போக வேண்டாம். ஸ்டாண்டு வைத்து, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்த பிறகே போகட்டும்.