மூன்று குரல், ஒரே வாய்

சிங்கவரம் மலைப் படிகளில் ஏறித் தெற்கே பார்த்தால் செஞ்சியின் கோட்டை மலைகள் தெரியும். பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்து செய்த குகைக்குள் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் ஊர் இது. 1714-இல் ராஜா தேசிங்கு போருக்குப் புறப்படும் முன் இங்கே வந்து உத்தரவு கேட்டபோது பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று செஞ்சிச் சீமையில் இன்றும் சொல்வார்கள். அதற்குச் சுமார் 20 வருடங்கள் முன்பு, இதே கோட்டையைச் சுற்றி வளைத்திருந்த ஒரு பெரும் சேனையை ஒரு பொய்ச் செய்தி ஆட்டிப்படைத்தது. அந்தக் கதை ஊருக்குள் அவ்வளவாக வழங்கவில்லை.

1690-இல் தொடங்கிய முற்றுகை அது. கோட்டைக்குள் சிவாஜியின் மகன் ராஜாராம். வெளியே ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான். 1692-ஆம் ஆண்டின் கடைசியில் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் மராட்டியக் குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார்கள். காஞ்சிபுரத்தின் மொகலாய அதிகாரி அலி மர்தான் கான் அவர்களிடம் பிடிபட்டார். முற்றுகைப் படைக்குத் தானியம் வருவது நின்றது. பாதுஷாவிடமிருந்து கடிதம் வருவதும் நின்றது.

அப்போதுதான் ‘பாதுஷா இறந்துவிட்டார்’ என்ற பேச்சு பாளையத்துக்குள் பரவியது. படையோடு வந்திருந்த இளவரசர் காம் பக்ஷ், எதிரியான ராஜாராமோடு ரகசியமாகப் பேச்சு வைத்துக்கொண்டார். விஷயம் தெரிந்ததும் ஜுல்பிகர் கானும் அவருடைய தந்தை வஜீர் அசத் கானும் பாதுஷாவின் சொந்த மகனையே காவலில் வைத்தார்கள். முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். கோட்டை விழுவதற்கு 1698 வரை ஆயிற்று. இறந்ததாகச் சொல்லப்பட்ட ஔரங்கசீப் 1707 வரை உயிரோடு இருந்தார்.

வந்த செய்தி மெய்யா, அனுப்பியவர் யார், அதனால் யாருக்கு லாபம்? இந்த மூன்று கேள்விகளோடு ஒரு முழு வாழ்க்கையைக் கழித்தவர் பி. ராமன். 1936-இல் பிறந்த இவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்துச் சில ஆண்டுகள் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளிதழில் வேலை பார்த்தார். 1961-இல் ஐ.பி.எஸ். அதிகாரியாகி மத்தியப் பிரதேசத்துக்குப் போனார். பிறகு மத்திய உளவுத் துறை. 1968 செப்டம்பரில், ஆர்.என். காவ் தலைமையில் வெளிநாட்டு உளவுக்கென்றே ‘ரா’ அமைப்பு உருவானபோது அதில் சேர்ந்தார். 1988 முதல் 1994 வரை அதன் பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார்.

ஓய்வு பெற்றதும் சென்னைக்கு வந்தவர் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. பாகிஸ்தான், சீனா, மியான்மர், பயங்கரவாதம் என்று சலிக்காமல் எழுதிக் குவித்தார். ‘ரா’வில் கழித்த 26 ஆண்டுகளைப் பற்றி 2007-இல் ஒரு நினைவு நூலும் வெளியிட்டார். 1971 வங்கதேசப் போரை ஒட்டி இந்தியா செய்த பிரசார வேலையையும், இந்திரா காந்தியைக் குறிவைத்து அமெரிக்கா நடத்திய உளவியல் போரையும் அதில் விவரிக்கிறார். உளவு என்றால் துப்பாக்கியும் மாறுவேஷமும் என்று நினைப்பவர்களுக்கு அந்தப் புத்தகம் ஏமாற்றமாக இருக்கலாம். அதில் வரும் உலகம் பெரும்பாலும் மேஜை, கோப்பு, குறிப்பு, சரிபார்ப்பு ஆகியவற்றால் ஆனது.

சரிபார்ப்பு நமக்குப் புதிதல்ல. திருக்குறளின் 59-ஆம் அதிகாரமான ‘ஒற்றாடல்’ அதைத் துல்லியமாகச் சொல்கிறது. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சோதிக்க வேண்டும். ஒற்றர்கள் ஒருவரை ஒருவர் அறியக்கூடாது. அப்படிப்பட்ட மூவர் சொல்வதும் ஒத்துப்போனால் நம்பலாம். இதில் உயிர்நாடி, ஒருவரை ஒருவர் அறியாமல் இருப்பது. பொய்யைத் தொழிலாகச் செய்பவர்கள் கைவைப்பதும் அங்கேதான்.

இதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1983 ஜூலையில் டெல்லியிலிருந்து வந்த ‘பேட்ரியட்’ நாளிதழ் ஒரு கடிதத்தை வெளியிட்டது. எழுதியவர் பெயர் இல்லை. பிரபலமான அமெரிக்க விஞ்ஞானி என்று மட்டும் இருந்தது. எய்ட்ஸ் கிருமி அமெரிக்க ராணுவம் செய்த ஆயுதம் என்றது கடிதம். இரண்டு ஆண்டுகள் சத்தமில்லை. 1985 அக்டோபரில் மாஸ்கோவின் ‘லித்தரத்தூர்னயா கெஸட்டா’ வார இதழ் அதையே எழுதியது; ஆதாரம் என்று இந்தியப் பத்திரிகையைக் காட்டியது. அடுத்து கிழக்கு ஜெர்மனியின் உயிரியலாளர் யாக்கோப் சேகல் ‘ஆய்வறிக்கை’யோடு வந்தார். 1987-க்குள் 80-க்கும் மேற்பட்ட நாடுகளில், 30-க்கும் மேற்பட்ட மொழிகளில் அந்தக் கதை அச்சேறிவிட்டது.

இந்தியப் பத்திரிகை, ரஷ்ய இதழ், ஜெர்மன் விஞ்ஞானி. வெளியே பார்த்தால் ஒருவரை ஒருவர் அறியாத மூவர். உள்ளே பேசியது சோவியத் உளவு அமைப்பான கே.ஜி.பி. 1992-இல் ரஷ்ய வெளிநாட்டு உளவுத் துறையின் தலைவர் ப்ரிமகோவே இதை ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு, கே.ஜி.பி.யின் ஆவணக் காப்பாளர் வசிலி மித்ரோகின், வருடக்கணக்கில் கையால் எழுதி மறைத்து வைத்த குறிப்புகளோடு பிரிட்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். 1972-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியப் பத்திரிகைகளில் 3,789 கட்டுரைகளை நுழைத்ததாகக் கே.ஜி.பி. கணக்கு வைத்திருந்த செய்தி அதிலிருந்துதான் வெளியே வந்தது.

பொய்யை உடைக்க மெய்யை எடுத்து வீசினால் போதாதா? அதற்கும் விலை உண்டு என்றார் ராமன். கார்கிலில் ஊடுருவியவர்கள் தங்கள் ராணுவத்தினர் இல்லை என்று பாகிஸ்தான் சாதித்துக்கொண்டிருந்த நேரம். 1999 மே மாதக் கடைசியில், பெய்ஜிங்கில் இருந்த பாகிஸ்தான் ராணுவத் தளபதி முஷாரஃப், ராவல்பிண்டியில் இருந்த லெப்டினன்ட் ஜெனரல் முகமது அஜீஸோடு தொலைபேசியில் பேசியதை ‘ரா’ ஒட்டுக்கேட்டது. ஜூன் 11 அன்று அரசு அந்த உரையாடலை உலகத்துக்கே வெளியிட்டது. பொய் அம்பலமானது. ஆனால் நம் காது எங்கே இருக்கிறது என்பதையும் எதிரிக்குக் காட்டிவிட்டோமே என்று ராமன் கேட்டார். அந்த வெற்றியைக் கொண்டாடிய நாட்டில் இதைக் கேட்கத் துணிச்சல் வேண்டும்.

2013 ஜூனில் புற்றுநோயால் அவர் சென்னையில் காலமானார். பத்து ஆண்டுகள் கழித்து, 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்ற வீடியோக்கள் கைப்பேசிகளில் பறந்தன. ஒன்றில் இருந்தது வடமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை. இன்னொன்றில் அடித்துக்கொண்டவர்கள் உள்ளூர்க்காரர்கள். ஒரே வீடியோ பத்து உறவினர்களிடமிருந்து வந்தால் பத்துச் சாட்சி என்றுதான் மனசு கணக்குப் போடும். சொந்த ஊரில் இருந்தவர்கள் பயந்து போன் செய்தார்கள். இங்கே இருந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு ஓடினார்கள். பீகார் அரசு ஒரு குழுவையே இங்கே அனுப்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது. சுற்றுலா வேன்களில் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். தேசிங்கு கதையை அவர்களுக்குச் சொல்ல ஆள் இருக்கிறது. காம் பக்ஷ் ஏமாந்த கதையையும் இந்த மலையடியிலேயே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒற்றாடல் அதிகாரத்தை வகுப்பில் நடத்தும் தமிழாசிரியர்கள், ‘பேட்ரியட்’ கடிதத்தையும் பிள்ளைகளிடம் கொடுத்து, இதில் பேசுவது எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லலாம்.