இரண்டாவது படகுக்கும் மதிப்பெண் உண்டு

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு, துடுப்புப் படகுப் போட்டியில் பெண்களுக்குத் தேசியப் பட்டம் வழங்குகிறது. ஆண்களுக்குக் கிடையாது. அவர்கள் 1895 முதல் ஐஆர்ஏ என்ற தனி அமைப்பின் பந்தயத்தில்தான் மோதிவருகிறார்கள்.

இதற்குப் பின்னால் இருப்பது 1972-ல் வந்த ‘டைட்டில் நைன்’ சட்டம். அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்கிறது அது. ஓர் அமெரிக்கக் கால்பந்து அணியிலேயே சுமார் நூறு பேர் இருப்பார்கள். அதற்கு ஈடுகட்ட, ஏராளமான பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் துடுப்பு விளையாட்டு கல்லூரிகளுக்குத் தோதாக இருந்தது. ஆனால் சட்டம் வந்ததுமே எல்லாம் சரியாகிவிடவில்லை. யேல் பல்கலைக்கழகப் படகுத்துறையில் பெண்களுக்குக் குளியலறையே இல்லை. ஆண்கள் குளித்துவிட்டு வரும்வரை, நனைந்த உடையோடு குளிரில் நடுங்கியபடி பேருந்தில் காத்திருந்தார்கள். 1976 மார்ச்சில் அந்த மாணவிகள் உடலில் சட்டத்தின் பெயரை எழுதிக்கொண்டு, நிர்வாகியின் அறைக்குள் போய் ஆடையைக் களைந்து நின்றார்கள். பத்திரிகைகளில் செய்தி வந்தது, குளியலறையும் வந்தது.

என்சிஏஏ பட்டம் 1997-ல் தொடங்கியது. சிறிய கல்லூரிகளுக்கு, அதாவது இரண்டாம், மூன்றாம் பிரிவுகளுக்கு, 2002-ல்தான் தனிப் பட்டங்கள் வந்தன. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை ஒரு டாலர்கூடக் கிடையாது. கல்லூரிக்கு வந்த பிறகே முதன்முதலாகத் துடுப்பைத் தொடும் மாணவிகள் இங்கே சகஜம். நியூ இங்கிலாந்தில் ஆறு உறைந்துவிட்டால், உள்ளரங்கில் துடுப்புப் பயிற்சி இயந்திரத்தில்தான் குளிர்காலம் கழியும். வசந்தத்தில் 2,000 மீட்டர் பந்தயங்கள்.

மூன்றாம் பிரிவில் எனக்குப் பிடித்தது அதன் கணக்கு. எட்டுப் பேர் துடுப்பு போட, ஒருவர் திசை பார்த்துக் குரல் கொடுக்கும் படகுகள், கல்லூரிக்கு இரண்டு. இரண்டின் மதிப்பெண்ணையும் கூட்டித்தான் அணிப் பட்டம். முதல் படகு வென்றும் இரண்டாவது பின்தங்கினால் கோப்பை கைநழுவலாம். நட்சத்திரங்களை ஒரே படகில் ஏற்றிவிட்டால் போதாது. பதினேழாவது, பதினெட்டாவது ஆளும் தேற வேண்டும். வில்லியம்ஸ் கல்லூரி 2006 முதல் 2013 வரை தொடர்ந்து எட்டு முறை பட்டம் வென்றது என்றால், ஆண்டுதோறும் இரண்டு படகுக்கும் ஆள் தேற்றியிருக்கிறார்கள் என்று பொருள். 2016-ல் வென்றது வெல்லெஸ்லி; அது பெண்கள் மட்டுமே படிக்கும் கல்லூரி.