கர்ணன் பிழைத்துவிட்டால்? மூல விசுவாசம் குறித்துச் சில குறிப்புகள்

1

சேரப்பணஞ்சேரியில் அறை எடுத்துத் தங்கி, ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் தம்பி ஒருவன் என்னிடம் ஒரு வழக்கைக் கொண்டுவந்தான். அவனும் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேரும் செல்போனில் ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். ‘பொன்னியின் செல்வ’னிலிருந்து ஆளுக்கொரு பாத்திரம். இவன் வந்தியத்தேவன். நேரில் பார்த்திராத ஒரு பெண் நந்தினி. வேறொருவர் பெரிய பழுவேட்டரையர். அந்தந்தப் பாத்திரமாகவே இருந்து எழுத வேண்டும், பதில் சொல்ல வேண்டும். சொந்தப் பேச்சு கூடாது. மாதக்கணக்கில் நடந்த ஆட்டம் கடம்பூர் மாளிகைக்கு வந்து சேர்ந்தது. அந்த இரவில் நந்தினி கத்தியைக் கீழே போட்டுவிட்டாள். ஆதித்த கரிகாலன் பிழைத்துவிட்டான்.

சண்டை. “கல்கி அப்படி எழுதலை” என்று ஒரு கட்சி. “அவர் எழுதினதையே திருப்பி எழுதறதுக்கு நாங்க எதுக்கு?” என்று அந்தப் பெண். கடைசியில் அவளை ஆட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். “எது சரிண்ணா? நீங்க தமிழ் எம்.ஏ. ஆச்சே” என்றான் தம்பி.

எம்.ஏ. பதில் என்னிடம் தயாராக இருந்தது. 1967இலேயே ரோலன் பார்த் ஆசிரியனின் மரணத்தை அறிவித்துவிட்டார், பிரதி வாசகனுடையது, மூலம் என்று புனிதமாக எதுவுமில்லை, அந்தப் பெண் செய்ததுதான் சரி என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்: “யாரு வேணா என்ன வேணா எழுதலாம்னா, அப்புறம் எதுக்குண்ணா அவனுக்கு வந்தியத்தேவன்னு பேரு?”

பதில் சொல்ல முடியவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்விக்குப் பின்னால் நடந்துபோகும் முயற்சிதான்.

2

முதலில் இந்த ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவில் 1974இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டு வெளியானது. ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ இருந்து வாயாலேயே சாகசம் செய்வது. 1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் கணினி வழியே பலர் சேர்ந்து ஆடும் எழுத்து விளையாட்டு ஒன்றை உருவாக்கினார்கள். பின்னர் டோல்கீனின் நாவல்களிலும் ரவுலிங்கின் ‘ஹாரி பாட்டர்’ வரிசையிலும் குடியேறி, அந்த உலகங்களுக்குள்ளேயே வேஷம் கட்டி ஆடும் கூட்டங்கள் இணையத்தில் பெருகின.

நாவலில் குடியேறியவுடன் நாவலாசிரியரின் சட்டமும் கூடவே வருகிறது. இக்கூட்டங்கள் அச்சட்டத்தை ‘கேனன்’ என்கின்றன. கிறித்துவத் திருச்சபை எந்தெந்த நூல்கள் வேதம், எவை வேதத்துக்குப் புறம்பு என்று பிரித்த சொல் அது. ரொனால்ட் நாக்ஸ் 1911இல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை விவிலிய ஆய்வின் முறையிலேயே ஆராய்ந்து ஒரு பகடிக் கட்டுரை படித்தார். துப்பறியும் கதைக்கு வேத அந்தஸ்து கிடைத்த கதை அங்கே ஆரம்பிக்கிறது. பகடியாகத் தொடங்கியது இன்று மெய்யான சட்டமாகிவிட்டது. மூலத்தில் நடந்ததை மீறாமல் ஆடுகிறவர்கள் ஒரு பக்கம். ‘இந்த ஒரு சம்பவம் மட்டும் வேறாக நடந்திருந்தால்’ என்று முன்கூட்டியே அறிவித்துக்கொண்டு மாற்று உலகம் ஒன்றில் ஆடுகிறவர்கள் இன்னொரு பக்கம். அந்தப் பெண்ணின் குற்றம், அறிவிக்காமல் மாற்றியது.

இதெல்லாம் நமக்குப் புதிது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை என்று ஒரு கூத்து சொல்லிக்கொடுத்தது.

3

சித்திரையில் காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பாரதத் திருவிழா. தம்பியும் இரண்டாம் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து சேர்ந்துகொண்டான். அன்றைக்குக் கர்ண மோட்சம்.

திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் முறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். அதே கதை இரவில் கூத்தாக விடியவிடிய நடக்கும். கதையின் சில கட்டங்கள் மேடையை விட்டிறங்கி ஊருக்குள்ளேயே சடங்காகிவிடும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான், கடைசி நாளில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் படுகளத்தில் மல்லாந்து கிடப்பான், திரௌபதி கூந்தல் முடிவாள், பிறகு தீமிதி. ஆக ஒரே ஊரில், ஒரே வாரத்தில், ஒரே கதை மூன்று பிரதிகளாக இருக்கிறது. எது மூலம்?

பகலில் ஓதப்படும் வில்லிதான் என்பது எளிய பதில். ஆனால் வில்லிபுத்தூரார் யாருக்கு விசுவாசமாக இருந்தார்? பதினெட்டுப் பருவங்களைப் பத்தில் முடித்துக்கொண்டார். போர்க்களத்தில் அம்பு தைத்து உயிர் போகாமல் கிடக்கும் கர்ணனிடம் கண்ணன் அந்தண வடிவில் வந்து அவனுடைய புண்ணியத்தையே தானமாகக் கேட்டு வாங்கும் இடம் வியாசரில் இல்லை, வில்லியில் இருக்கிறது. 1964இல் வந்த பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ படம் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. இன்று தமிழர்களில் பாதிப்பேருக்குக் கர்ணன் என்றாலே அந்தக் காட்சிதான். மூலத்தை மீறிய இடமே மூலமாகிவிட்டது!

கூத்து வில்லியையும் தாண்டுகிறது. வில்லி கண்டுகொள்ளாத பொன்னுருவி கூத்தில் இரவின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறாள். கர்ணனின் மனைவி, அரசகுமாரி. தேரோட்டி வளர்த்தவனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்ற ஆங்காரம் அவளுக்கு. பதினேழாம் நாள் போருக்குப் போகுமுன் கர்ணன் விடைபெற வருகிறான். அவள் குலம் கேட்கிறாள், இழிவாகப் பேசுகிறாள். தான் குந்தி மகன் என்ற உண்மையை அவன் வாய்திறந்து சொன்ன பிறகுதான் அவளுக்கு அவன் புருஷன் ஆகிறான். அப்போது அவன் சாகப் புறப்பட்டாயிற்று. இதற்கிடையில் கட்டியக்காரன் அத்தினாபுரத்தையும் நம்மூர் பஸ் ஸ்டாண்டையும் ஒரே மூச்சில் பேசிக்கொண்டு திரிகிறான். அவன் எந்தப் புராணத்திலும் கிடையாது. அவனில்லாமல் கூத்தும் கிடையாது.

இவ்வளவு மீறல்களையும் விடியவிடிய ஏற்றுக்கொள்ளும் ஊர், ஒன்றை மட்டும் ஏற்காது. கர்ணன் பிழைக்கக் கூடாது. துரியோதனன் படுகளத்தில் விழாமலிருக்கக் கூடாது. திரௌபதியின் கூந்தல் முடியப்படாமல் திருவிழா முடியக் கூடாது.

இடைவேளையில் ஆர்மோனியக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாத்தியாரிடம் கேட்டேன்: “ஒரு நாளைக்கு கர்ணன் ஜெயிச்சிட்டா என்ன ஆகும் வாத்தியாரே?” சிரித்தார். “ஜெயிச்சிட்டா பொன்னுருவி பேசனது எல்லாம் வெறும் புருஷன் பொண்டாட்டி சண்டையா போயிடும் தம்பி. அவன் சாவப் போறான்னு எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு மட்டுந்தான் தெரியாது. அதான் கூத்து” என்றார்.

அந்தத் தம்பியின் கேள்விக்குப் பாதி பதில் இங்கே கிடைத்துவிட்டது. மூல விசுவாசம் என்பது வரிக்கு வரி ஒத்துப்போவது அல்ல. கதையில் சில முடிச்சுகள் இருக்கின்றன. ஆடுகிறவர்களும் பார்க்கிறவர்களும் சேர்ந்து, அவிழ்க்க மாட்டோம் என்று ஒப்புக்கொண்டவை அவை. முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவே கிடக்கும் கயிறு யாருக்கும் சொந்தமில்லை. அங்கே பொன்னுருவி வரலாம், கட்டியக்காரன் வரலாம், ஊர்க் கணக்குவழக்கு வரலாம். முடிச்சு அசையாமல் இருப்பதால்தான் கயிற்றை இவ்வளவு இழுக்க முடிகிறது. கர்ணன் சாவான் என்பது உறுதியாக இருப்பதனால்தான் பொன்னுருவியின் சாதிப் பேச்சு நம்மைச் சுடுகிறது. முடிவை மாற்றியிருந்தால் அந்தப் பேச்சுக்கு மன்னிப்பும் கூடவே கிடைத்திருக்கும்.

4

மீதிப் பாதி பதில் இவ்வளவு இனிமையானது அல்ல. எது முடிச்சு என்று தீர்மானிக்கிறவர் யார்?

பொன்னுருவியையே எடுத்துக்கொள்வோம். இழிகுலத்தான் என்று அவனை வெறுத்தவள், அவன் இழிகுலத்தான் அல்ல என்று தெரிந்ததும் அழுகிறாள். சாதியைப் பற்றிய அவள் கருத்து கடுகளவும் மாறவில்லை. கர்ணனைப் பற்றிய தகவல்தான் மாறியது. கூத்து காயத்தைத் திறந்து காட்டுகிறது, பிறகு ஒரு பிறப்பு ரகசியத்தை வைத்துக் கட்டுப்போட்டுவிடுகிறது. கல்கியும் இதைச் செய்கிறார். பூத்தொடுத்துக் கோயிலுக்குக் கொடுக்கும் சேந்தன் அமுதன் கடைசியில் சோழ இளவரசன் என்று வெளிப்படுகிறான். பூங்குழலி அவனைப் பூக்காரனாக இருக்கும்போதே தேர்ந்துகொண்டாள். அந்த அளவில் அவள் பொன்னுருவியைவிட மேலானவள். ஆனால் சிம்மாசனத்துக்குப் பூக்காரன் போதாது, செம்பியன் மாதேவியின் வயிற்றுப் பிள்ளையே வேண்டும். இதை முடிச்சு என்பதா, கயிறு என்பதா?

விசுவாசம் என்ற சொல் ஆட்டத்துக்கு உள்ளே மட்டும் வேலை செய்வதில்லை என்பதுதான் இன்னும் கசப்பானது. பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டுவது பரம்பரை வழக்கம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. வில்லி அப்படிச் சொன்னாரா, வியாசர் சொன்னாரா? காஞ்சிபுரம் பகுதியில் 1990இல் தொடங்கப்பட்ட கட்டைக்கூத்துச் சங்கமும், கூத்துக் கலைஞர் பெ. இராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலமும் சிறுமிகளுக்கும் கூத்துக் கற்றுக்கொடுத்தன. அவர்கள் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி மேடை ஏறினார்கள். பாரதத்தில் ஒரு சம்பவமும் மாறிப்போகவில்லை. கர்ணன் வழக்கம்போலச் செத்தான்.

இன்னொன்று. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நுழைந்த தலித்துகள் 2023 ஏப்ரலில் தாக்கப்பட்டார்கள். ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் வரை போயிற்று. நிறைந்த சபையில் இழுத்துவரப்பட்டு, ‘இது நீதியா’ என்று கேட்டவள்தான் அந்தக் கோயிலுக்குள் இருப்பவள். அவள் கதைக்கு விசுவாசமானவர்கள் யார்? கேள்வி கேட்டு வாசலில் நின்றவர்களா, வாசலை மறித்தவர்களா?

இரண்டு இடங்களிலும் ‘மரபு’, ‘வழக்கம்’ என்ற பெயரில் காக்கப்பட்டது கதை அல்ல. யார் ஆடலாம், யார் உள்ளே வரலாம் என்ற அதிகாரம்தான் காக்கப்பட்டது. ஆகவே இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். என்ன நடக்கிறது என்பதில் விசுவாசம் வேறு, யார் பேசுகிறார்கள் என்பதில் விசுவாசம் வேறு. முன்னது கலைக்கு வேண்டியிருக்கிறது. பின்னது பெரும்பாலும் காவல் வேலை.

5

இப்போது கடம்பூர் மாளிகைக்குத் திரும்பலாம்.

கல்கி இந்த நாவலை 1950 முதல் 1954 வரை வாரவாரம் எழுதினார். அதுவே வேஷம் கட்டிய ஆட்டம் என்றுதான் சொல்வேன். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின், அவர்களது உறவினர்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்த சேதி உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. குந்தவையின் கணவன் வந்தியத்தேவன் என்பதைத் தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது. இப்படிச் சில முடிச்சுகளைக் கல்லிலிருந்து எடுத்துக்கொண்டு நடுவிலுள்ள கயிற்றில் நந்தினியைக் கட்டினார் கல்கி. கரிகாலன் சாக வேண்டும் என்பது கல்லின் கட்டளை. யார் கையால், எதற்காக என்பதை மர்மமாகவே விட்டார். தொடர் முடிந்ததும் ‘அப்புறம் என்ன ஆயிற்று’ என்று வாசகர்கள் துளைத்தெடுக்க, முடிவுரையில் கேள்வி பதிலாகவே சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் கதையை மேலே கொண்டுபோனார். மணிரத்னம் 2022லும் 2023லும் இரண்டு பாகமாகப் படமெடுத்தபோது மணிமேகலையைக் காணவில்லை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டன. யாரும் எடுத்தாளலாம், சட்டம் தடுக்காது. ஆகவே இங்கே விசுவாசத்தைக் கேட்கிறவர்கள் வாசகர்கள் மட்டுமே. அது ஒருவருக்கொருவர் செய்துகொண்ட ஒப்பந்தம். அதனால்தான் அதைப் பேசித் தீர்க்கவும் முடியும்.

அந்தப் பெண் செய்தது சரியா? கரிகாலனைப் பிழைக்க வைத்தது, என் கணக்கில், ஆட்டத்தை நஷ்டப்படுத்தியது. அவன் பிழைத்த பின் நந்தினியின் வஞ்சினத்துக்கு எடை இல்லை. ஆனால் கத்தியைக் கீழே போட்டது? அது கல்கி திறந்தே வைத்திருந்த இடம். அவள் போட்ட கத்தியை வேறொரு கை எடுத்திருக்கலாம். அல்லது விளக்கு அணைந்திருக்கலாம். சேர்ந்து ஆடுகிறவர்கள் செய்ய வேண்டியது அதுதான்: அவள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு முடிச்சுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஒவ்வொரு இரவும் கட்டியக்காரன் செய்கிற வேலை இது. இவர்கள் அந்த வேலையைச் செய்யாமல், ஆளை வெளியே தள்ளினார்கள். கதையில் நடந்த மீறலுக்கு மனுஷியின் மேல் தண்டனை. ஏழெட்டுப் பேர் ஆடும் ஆட்டத்திலேயே விசுவாசம் இப்படிக் காவல் வேலையாகிவிடுகிறது என்றால், பெரிய சபைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

விடிந்துகொண்டிருந்தது. கர்ணன் விழுந்து, குந்தி மடியில் போட்டு அழுது முடித்து, பெண்கள் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனி பஸ் முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டில் போனது. இந்தப் பகுதியில் இரவு முழுவதையும் கூத்துக்குக் கொடுக்கக்கூடிய ஆட்கள் எத்தனை பேர் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். தம்பி கூட்டாளிகளுக்கு ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன்.

“நந்தினியைத் திரும்பக் கூப்பிடுங்க. கத்தி கீழ கெடக்கு. நான் எடுக்கல. யாரு எடுத்தாங்கன்னு அவங்களையே சொல்லச் சொல்லுங்க” என்றிருந்தது.