சாவி இருந்தால் சடோஷியா?

கோவையில் பல ஆடிட்டர் அலுவலகங்களின் மேசை இழுப்பறையில் பெயர் ஒட்டிய யுஎஸ்பி டோக்கன்கள் டப்பா நிறையக் கிடக்கும். பம்பு கம்பெனி முதலாளி, மில் டைரக்டர், திருப்பூர் எக்ஸ்போர்ட்டர் என்று பலருடைய டிஜிட்டல் கையொப்பங்கள் அவை. முதலாளி கொடிசியாவில் கண்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார். இங்கே உதவியாளர் பின் நம்பரை அடித்து அவருடைய கையொப்பத்தைப் போட்டு முடித்திருப்பார். சாவியை உரியவர்தான் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42ஆம் பிரிவு. யார் கேட்கிறார்கள்!

பிட்காயினும் இதே வகைக் கணிதத்தில்தான் ஓடுகிறது. ரகசியச் சாவி என்பது ஒரு பெரிய எண். 78 இலக்கம் வரை நீளும். அதற்கு ஜோடியான பொதுச் சாவியை யாருக்கும் கொடுக்கலாம். ரகசியச் சாவியால் ஒரு வாசகத்தில் ஒப்பமிட்டால், பொதுச் சாவியை வைத்து எவரும் சரிபார்க்கலாம். வாசகத்தில் ஒரு புள்ளி மாறினாலும் ஒப்பம் பொருந்தாது. நம் டோக்கனில் ஒரு வசதி கூடுதல்: பான், ஆதார் பார்த்து, வீடியோவில் முகமும் பார்த்து, ‘இந்தச் சாவி இன்னாருடையது’ என்று சான்றளிக்க உரிமம் பெற்ற நிறுவனம் இருக்கிறது. பிட்காயினில் அப்படி ஒருவரும் இல்லை.

2008 அக்டோபர் 31 அன்று பிட்காயினை அறிவித்த சடோஷி நகமோட்டோ, 2011இல் பேச்சை நிறுத்திக்கொண்டார். ‘அது நான்தான்’ என்று 2016 மே மாதம் வந்தார் ஆஸ்திரேலியரான கிரெய்க் ரைட். ஆதாரமாக அவர் வெளியிட்ட ஒப்பம், 2009இல் சடோஷி செய்த ஒரு பரிமாற்றத்தில் ஏற்கெனவே எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்ததுதான். பழைய கிரயப் பத்திரத்திலிருந்து கையெழுத்தை ஜெராக்ஸ் எடுத்த கதை. உண்மையிலேயே மெய்ப்பிக்க நினைப்பவர், கேட்பவர் சொல்லும் புது வாசகத்தில், அன்றைய நாளிதழ்த் தலைப்பையும் சேர்த்து ஒப்பமிட்டிருப்பார்.

அமெரிக்க வழக்கொன்றில் தம்முடையவை என்று ரைட் கொடுத்த பிட்காயின் முகவரிப் பட்டியல் அவருக்கே வினையானது. 2020 மே மாதம் அவற்றில் 145 முகவரிகளின் சாவிகளால் யாரோ ஒரு வாசகத்தில் ஒப்பமிட்டார்: ரைட் ஒரு பொய்யர், இந்தச் சாவிகள் அவரிடம் இல்லை. ஒப்பங்கள் எல்லாம் பொருந்தின. ஒப்பமிட்டவர் யாரென்று மட்டும் அவை சொல்லவில்லை. சாவி சாவியைத்தான் நிரூபிக்கும். ஆளை நிரூபிக்க வேறு சாட்சி வேண்டும்.

ரைட் சடோஷிதானா என்று விசாரித்த லண்டன் உயர் நீதிமன்றத்தில் அந்தச் சாட்சி எழுத்துருவாக வந்தது. 2008இல் எழுதியதாக ரைட் தரப்பு காட்டிய ஒரு கோப்பின் உள்தகவலில் கலிப்ரி லைட், நிர்மலா யுஐ என்ற எழுத்துருப் பெயர்கள் இருந்தன. இந்த நிர்மலா நமக்குப் பழக்கமானவள்தான். லதா எழுத்துருவுக்குப் பிறகு விண்டோஸில் தமிழைக் காட்டும் எழுத்துரு. விண்டோஸ் 8உடன் 2012இல் வந்தது. பிறக்காத எழுத்துரு 2008 கோப்பில் எப்படி ஏறியது? 2024 மார்ச் 14 அன்று, ரைட் சடோஷி அல்ல என்று அறிவித்தார் நீதிபதி மெல்லர். மே மாதம் வந்த விரிவான தீர்ப்பு, பெரிய அளவில் போலி ஆவணங்கள் தயாரித்திருக்கிறார் என்றது.

ஈமு கோழி முதலீட்டு மோசடியைப் பார்த்த ஊர் நம்முடையது. ஓட்டல் ஹாலில் கூட்டம் போட்டு, கோடிக்கணக்கில் காயின் உள்ள வாலட்டைத் திரையில் காட்டி ‘இது என்னுது’ என்று யாராவது சொன்னால், நீங்கள் எழுதித் தரும் ஒரு வரியில் ஒப்பமிடச் சொல்லுங்கள். முடியாதென்றால் எழுந்து வந்துவிடலாம். ஒப்பமிட்டாலும், அந்தச் சாவி அவர் கையில் எப்படி வந்தது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது.

தீர்ப்புக்குப் பிறகும் ரைட் ஓயவில்லை. இனி வழக்குப் போடக் கூடாது என்ற தடை உத்தரவை மீறி 90,000 கோடி பவுண்டுக்கும் மேல் கேட்டு வழக்குப் போட்டார். 2024 டிசம்பரில் நீதிமன்ற அவமதிப்புக்காக 12 மாதச் சிறைத் தண்டனை விதித்து, இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்தார்கள்.