பெயரில் உறையும் ஊர்

அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு பெயர், நட்சத்திரம், கோத்திரம் என்று குருக்கள் வினவும்போது உள்ளூர் அன்பர்கள் தயங்காமல் சொல்லிவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்தோ மொரீஷியஸிலிருந்தோ வந்து சந்நிதியில் நிற்பவர் பல வேளைகளில் பெயரோடு நின்றுவிடுகிறார். சிவகோத்திரம் என்றோ விஷ்ணுகோத்திரம் என்றோ சொல்லி அர்ச்சனை நிறைவேறிவிடும். ஆனால் தம் ஊர் எது, குலதெய்வம் எது என்ற ஏக்கம் அவரை விட்டு நீங்குவதில்லை. நான்கைந்து தலைமுறைகளுக்கு முன் கடல் கடந்தவர்களைத் தேடுவதற்கு அவர் கையில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் குடும்பப் பெயர் ஒன்றே.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் இருந்தவர்கள் 342 பேர். கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தமாகி நேட்டாலுக்குச் சென்ற முதற் கூட்டத்தார் அவர்கள். 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் அவ்வாறு சென்றனர்; அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. பெயர், தந்தையின் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள அடையாளம் என எல்லாம் கப்பல் பதிவேட்டில் ஏறின.

எழுதியவர்களோ தமிழ் அறியாதவர்கள். காதில் விழுந்ததை எழுதினார்கள். தமிழர்க்கு முன்னெழுத்து உண்டே தவிர, மேலைநாட்டு முறையில் குடும்பப் பெயர் இல்லை. அந்நாட்டுச் சட்டமும் பள்ளியும் ஒன்றைக் கேட்டபோது, சிலர் சாதிப் பட்டத்தைக் கொடுத்தனர். சிலர் தந்தையின் பெயரைக் கொடுத்தனர். நாயுடு 'நைடூ' ஆனது. முதலி 'மூட்லி' ஆனது. டர்பன் நகரில் தெருவுக்குத் தெரு கேட்கும் 'கோவெண்டர்' என்ற பெயர் தமிழ்நாட்டில் எங்கும் கிடையாது; கவுண்டர் என்பதன் திரிபாகவே அது கருதப்படுகிறது. முனுசாமியின் பிள்ளைகள் 'மூன்சாமி' குடும்பத்தார் ஆயினர். எனவே, எழுத்துக்கூட்டலைக் கண்டதுமே அந்தக் குடும்பம் எந்தக் கடற்கரையில் இறங்கியது என்று ஓரளவு ஊகிக்கலாம். எந்தக் கிராமத்திலிருந்து ஏறியது என்பதை அது சொல்லாது. பட்டத்தைக் கொண்டு சாதியை முடிவு செய்வதும் சரியன்று. கரையிறங்கிய பின் பட்டம் சூட்டிக்கொண்டவர்களும் உண்டு.

இந்த இடத்தில்தான் கோயில் கைகொடுக்கிறது. பழைய பதிவேடுகளில் உள்ள இயற்பெயர்கள் பல, தலத்து இறைவனின் திருநாமங்கள். அருணாசலம் என்றால் திருவண்ணாமலை நினைவுக்கு வரும். ஏகாம்பரம் காஞ்சியைக் காட்டும். தணிகாசலம் திருத்தணியைக் காட்டும். வையாபுரி பழனியைக் காட்டும். ஜம்புலிங்கம் திருவானைக்காவுக்கும் சொக்கலிங்கம் மதுரைக்கும் வழி சொல்லும். நெல்லையப்பனும் காந்திமதியும் ஒரே குடும்பத்தில் இருந்தால், தாமிரபரணிக் கரையை முதலில் தேடிப் பார்ப்பதில் பிழையில்லை. சங்கரலிங்கம், கோமதி என்ற பெயர்கள் சங்கரன்கோவிலை நினைவூட்டும். இசக்கி, சுடலை என்பன தென்கோடி மாவட்டங்களின் சிறுதெய்வப் பெயர்கள். செங்கற்பட்டுப் பக்கம் அவற்றைக் காண்பது அரிது.

இதைக் கணக்குப் போல எடுத்துக்கொள்ளலாகாது. சுப்பிரமணியன், லட்சுமி, மாரியம்மாள் ஆகிய பெயர்களால் எந்த ஊரையும் சுட்ட முடியாது. வைத்தியலிங்கம் என்ற பெயர் வைத்தீசுவரன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு தொலைதூரத்தில் பிறந்த பிள்ளைக்கும் இடப்பட்டிருக்கும். வேங்கடாசலமோ திருமலையைச் சுற்றிய பல மாவட்டங்களுக்கும் பொது. ஒரு பெயர் போதாது. தந்தை, உடன்பிறந்தோர், மனைவி எனக் குடும்பத்தின் நாலைந்து பெயர்கள் ஒரே தலத்தைச் சுட்டினால் அந்தத் திசையில் நடக்கலாம்.

பாட்டன் பெயரைச் சுமப்பவனே பெயரன், அவனே பேரன். ஆகவே, ஒரு வீட்டில் ஆறுமுகம், கந்தசாமி, மீண்டும் ஆறுமுகம், மீண்டும் கந்தசாமி என்று பெயர்கள் மாறி மாறி வரும். கந்தசாமியின் மகன் ஆறுமுகம் என்று ஓர் ஏடு கூறினால், அவர் கொள்ளுத்தாத்தாவா, அவருடைய பாட்டனாரா என்று வயதை வைத்தே பிரித்தறிய வேண்டும்.

ஊர்ப் பெயர் கிடைத்தாலும் தொல்லை முடிவதில்லை. 1911க்கு முன் எழுதப்பட்ட 'வட ஆற்காடு ஜில்லா' என்பதில் இன்றைய வேலூர் மட்டுமல்ல, ஆந்திரத்தின் திருப்பதியும் அடக்கம். சித்தூர் மாவட்டம் பிரிந்தது 1911இல். திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது 1960இல். பழைய எல்லையை அறியாமல் இன்றைய வரைபடத்தை விரித்துவைத்துத் தேடுவோர், ஊர் இல்லை என்றே திரும்பிப் போகிறார்கள்.

மொரீஷியஸில் ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய ஆப்பிரவாசி காட், 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அவர்களைப் பற்றிய பதிவேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. சிலருடைய ஏட்டில் நிழற்படமும் உண்டு. கொள்ளுப்பாட்டியின் முகத்தை முதன்முதலில் காணும் பேரப்பிள்ளைகள் அங்கே கண்ணீர் வடிப்பதில் வியப்பென்ன?

தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்து, சத்தியாக்கிரகச் சிறைவாசத்தால் நலிந்து, 1914 பிப்ரவரி 22இல் பதினாறு வயதில் மறைந்த வள்ளியம்மையை எந்தக் குடும்பப் பெயராலும் தமிழகம் நினைப்பதில்லை. பூர்விக ஊரான தில்லையாடியே அவர் பெயருக்கு முன் நிற்கிறது. தெலுங்கர்கள் இம்முறையை வீட்டுப் பெயராகவே வைத்துக் காத்தனர். திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் பெயருக்கு முன்னுள்ள சர்வபள்ளி, அவர் முன்னோர் வாழ்ந்த நெல்லூர்ச் சீமைச் சிற்றூர்.

கோயிலையே குடும்பப் பெயராகக் கொண்டவர்கள் நகரத்தார். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பது கோயில்களுள் ஏதேனும் ஒன்றைச் சேர்ந்தவர்கள் அவர்கள். ஒரு கோயிலார் பங்காளிகள். சில கோயில்களில் உட்பிரிவு பார்த்து மணம் செய்வதுண்டு. திருமணத்துக்குக் கோயிலிலிருந்து மாலை வரும். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட்டிக்கடை வைக்கப் போனவர்களின் பேரன்களிடம் கேட்டாலும் கோயிலின் பெயர் சட்டென்று வருகிறது. ஊர் மாறினாலும் கோயில் மாறாத ஏற்பாடு அது.

மற்றவர்கள் நிலை அவ்வளவு உறுதியானதன்று. அமாவாசைத் தர்ப்பணத்தில் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என மூன்று தலைமுறை சொல்லப்படுகிறது. நான்காமவரின் பெயர் பல வீடுகளில் எவருக்கும் தெரியாது. 'கே.' என்ற முன்னெழுத்து கிருஷ்ணனா, கந்தசாமியா, காளிமுத்துவா என்று சொல்லக்கூடியவர் இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கிறார். மணமாகி வந்த பாட்டியின் பிறந்த ஊரோ அவர் நினைவில் மட்டுமே இருக்கிறது. பத்திரத்திலும் இல்லை, பட்டாவிலும் இல்லை. குலதெய்வக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போகும்போது பேரப்பிள்ளைகளையும் அழைத்துச் சென்று, அங்கேயே ஒரு நோட்டில் அப்பெயர்களை எழுதச் சொல்லலாம். பெண்களின் பெயர்களை முதலில் எழுதட்டும். விரைவில் மறைபவை அவையே.

பழைய கோயில்களில் இன்னொரு ஏடும் இருக்கிறது. 'உபயம்' என்று எழுதிய குழல்விளக்கைப் பலரும் நகைப்பார்கள். எழுத்து வெளிச்சத்தை மறைப்பதும் மெய்தான். ஆனால் குலதெய்வக் கோயிலின் மணியிலும் குத்துவிளக்கிலும் வாசற்படியிலும் கொடுத்தவரின் ஊர், தகப்பனார் பெயர், ஆண்டு ஆகியவை பொறித்திருக்கும். மணியும் விளக்கும் திருப்பணியின்போது கைமாறிப் போகக்கூடும். படிக்கல்லில் உள்ள எழுத்து, வருவோர் போவோர் கால் பட்டு ஆண்டுக்காண்டு தேய்ந்துகொண்டிருக்கிறது.