பிறேக் பஞ்சுபோல் மெதுத்தால்...

கடுகண்ணாவை இறக்கத்தில் வாப்பா பிறேக்கை மிதித்தார். கார் நின்றது. ஆனால், பெடல் வழமையைவிடக் கீழே இறங்கி, பஞ்சை மிதிப்பது போலிருந்ததாம். "நிற்குதுதானே வாப்பா, போவோம்" என்றேன். அவரோ காரை ஓரமாக நிறுத்திவிட்டார். அவர் செய்ததே சரியென்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

பௌதிகவியலில் நாம் படிக்கும் பஸ்காலின் விதியே பிறேக்கின் அடிப்படை. மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அமுக்கம் எல்லாத் திசைகளுக்கும் குறையாமல் கடத்தப்படும். திரவம் எளிதில் நெருக்கப்படாது. அதனால் காலின் விசை பிறேக் ஒயில் வழியே நான்கு சில்லுகளையும் அடைகிறது. குழாய்க்குள் காற்றோ நீராவியோ இருந்தால், முதலில் அதுதான் நெருங்கும். பெடல் மெதுப்பது இதனால்தான்.

காரணத்தைக் கண்டறியச் சில சோதனைகள் உள்ளன. முதலில் ஒயில் மட்டத்தைப் பார்க்க வேண்டும். அது குறைந்து, சில்லின் உட்புறம் ஈரமாக இருந்தால் ஒயில் கசிகிறது. அந்தக் காரை ஓட்டவே கூடாது. அடுத்து, பெடலைப் பலமுறை மிதிக்க வேண்டும். மிதிக்க மிதிக்க இறுகினால் உள்ளே காற்று இருக்கலாம். அல்லது பின்சில்லு டிரம் பிறேக்கின் இடைவெளி கூடியிருக்கலாம். மூன்றாவதாக, பெடலை ஒரே அளவில் அழுத்திப் பிடிக்க வேண்டும். அது மெல்ல மெல்லக் கீழிறங்கினால், மாஸ்டர் சிலிண்டரின் இறப்பர் சீல் பழுதாகியிருக்கலாம், அல்லது எங்கோ ஒயில் கசியலாம். எஞ்சினை இயக்கும் கணத்தில் பெடல் சற்றே தாழ்வது மட்டும் இயல்பானது.

எங்கள் காரில் கசிவில்லை. ஆறிய பின் பெடலும் இறுகிவிட்டது. குற்றவாளி பழைய ஒயில்தான். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகைப் புது ஒயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ். ஈரமேறியதும் அது 140 வரை இறங்கக்கூடும். நீண்ட இறக்கத்தில் பிறேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூட்டில் ஒயில் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாகும்.

கராஜில் ஒயிலை மாற்றிக் காற்றையும் வெளியேற்றினார்கள். பொதுவாக இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. இறக்கத்தில் சிறிய கியரில் வந்தால் பிறேக்கும் சூடேறாது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்க வேண்டும் என்பது நாமறிந்த பாடம். பயண துஆவை ஓதுமுன் பெடலையும் ஒருமுறை மிதித்துப் பார்ப்போம்.