கொன்றை மணமும் பழ ஈயும்



ஆனி மாதம் பிறந்துவிட்டால் வெள்ளவத்தைக் கடைகளிலே யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழங்கள் வந்து குவியும். நல்ல விலை கொடுத்து வாங்கிய பழத்தில் கத்தியை வைத்ததும், உள்ளே வெண்புழுக்கள் நெளியக் கண்டு மனம் நொந்த இல்லத்தரசிகள் பலர். தோலிலே பெரிய காயமில்லை, மணத்திலும் குறைவில்லை. புழு எவ்வாறு உட்புகுந்தது? பழத்திலே தானாகத் தோன்றியது என்பாரும் உளர். அது பொருந்தாது. காய் மரத்தில் முற்றிவரும் காலத்திலேயே ஒரு பெண் ஈ, தன் ஊசி போன்ற உறுப்பைத் தோலினுள் செலுத்தி முட்டையிட்டுச் சென்றுவிட்டது. அதனையே பழ ஈ என்கின்றோம். கனிந்த வாழைக்குலையைச் சுற்றிப் பறக்கும் சின்னஞ்சிறு ஈ வேறு. மாங்கொட்டைக்குள் குடியிருக்கும் வண்டும் வேறு. நாம் பேசவந்தது வீட்டு ஈயின் அளவை ஒட்டியதும், பார்வைக்குச் சிறு குளவி போன்றதுமான ஈயைப் பற்றியே.

இந்த ஈயின் இல்வாழ்க்கை ஒரு மணத்தை ஒட்டி நடைபெறுகின்றது. அதனை உலகறியச் செய்தது ஒரு கைக்குட்டை. இந்தியாவிலே, பீகாரிலுள்ள பூசா என்னும் ஊரில் இருந்த விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ஹவ்லெற் என்னும் பூச்சியியலறிஞர் பணியாற்றினார். அவருடைய அயலவர் ஒருவர் நுளம்பை விரட்டுவதற்காகக் கைக்குட்டையிலே சிற்றனெல்லா எண்ணெயைத் தெளித்துக்கொண்டார். பழ ஈக்களோ கூட்டமாக வந்து அதனை மொய்த்தன. ஹவ்லெற் அவற்றைப் பிடித்துப் பார்த்தபொழுது அத்தனையும் ஆண் ஈக்களாக இருக்கக் கண்டார். 1912ஆம் ஆண்டில் இச்செய்தியை வெளியிட்ட அவர், அந்த எண்ணெயிலுள்ள மெதைல் யூஜினோல் என்னும் பொருளே ஈக்களை இழுக்கின்றது என்று 1915இல் எடுத்துக்காட்டினார். நமது நாட்டின் தென்பகுதியில் வடிக்கப்படும் சிற்றனெல்லா எண்ணெயிலும் அப்பொருள் உண்டு.

அது நமக்கு அந்நியமான மணமன்று. முற்றத்துத் துளசியிலும், கறிக்கு இடும் கராம்பிலும், சாதிக்காயிலும் அது இருக்கின்றது. சிவபெருமானுக்கு உகந்ததென நாம் போற்றும் கொன்றைப் பூவிலும் அதுவே உள்ளதென்று 1968இல் ஹவாய்த் தீவிலே கண்டறிந்தனர். பூசைக்குரிய இரண்டு தாவரங்கள் ஈயின் மணவினைக்கும் துணைபோகின்றன என்பது எனக்கு வியப்பாகவே இருக்கின்றது.

ஆண் ஈ இம்மணத்தை நாடுவது ஏன்? அது பசி தீர்க்கும் உணவன்று. யப்பானிய அறிஞர் நிஷிடா, பினாங்கைச் சேர்ந்த டான் கெங் ஹொங் முதலியோரின் ஆராய்ச்சிகள் இதற்கு விடை தந்தன. ஆண் ஈ அப்பொருளை நக்கி உண்கின்றது. உண்டது உடலினுள்ளே வேறு இரண்டு வாசனைப் பொருள்களாக மாறி, பின்புறத்திலுள்ள ஒரு சுரப்பியிலே சேமிக்கப்படுகின்றது. மைம்மற் பொழுதிலே ஆண் ஈ இலையில் அமர்ந்து, சிறகுகளை விரைவாக அசைத்து அந்த வாசனையைக் காற்றிலே பரப்ப, பெண் ஈ அதனை நாடி வருகின்றது. இப்பொருளை உண்ணாத ஆணும் இணையும். ஆனால் உண்ட ஆணுடன் போட்டியிட்டால் பெரும்பாலும் தோற்கும். ஒருமுறை உண்டதன் பயன் முப்பத்தைந்து நாள்வரை நிலைக்கக்கூடும் என்று 1994இல் வெளியான ஹவாய் ஆய்வொன்று கூறுகின்றது. தாவரத்துக்கும் இதிலே சில வேளை ஆதாயம் உண்டு. மலாயாக் காடுகளில் வளரும் சில ஓர்க்கிட் மலர்கள் இம்மணத்தைக் காட்டி ஆண் ஈயை அழைத்து, அதன் முதுகிலே மகரந்தத்தை ஏற்றி அனுப்புகின்றன.

தாவரம் செய்யும் அதே தந்திரத்தை மனிதனும் கைக்கொண்டான். இந்த மணப்பொருளையும் சிறிதளவு நஞ்சையும் தோய்த்த துண்டுகளை விமானத்திலிருந்து தூவி, பசிபிக் சமுத்திரத்திலுள்ள ரோட்டா என்னும் சிறு தீவிலே 1960களில் இந்த ஈயை அடியோடு ஒழித்தனர். யப்பான் தன் தென்தீவுகளில் நெடுங்காலம் முயன்று 1986இல் முற்றாக ஒழித்தது. நம் நாட்டு மாந்தோட்டங்களிலும் இம்மணம் ஊட்டிய போத்தற் பொறிகளைத் தொங்கவிடுகின்றார்கள்.

ஆயினும் இதிலே ஒரு சிக்கல் உண்டு. பொறியில் வீழ்வது ஆண்; பழத்தைக் கெடுப்பது பெண். ஓர் ஆண் பல பெண்களுடன் இணையுமாதலால், ஆண்களில் பாதியை அழித்தாலும் பயன் சொற்பமே. ஏறக்குறைய எல்லாவற்றையும் அழித்தல் வேண்டும். மேலும், பூவிலே அப்பொருளை ஏற்கனவே உண்டுவிட்ட ஆண், பின்னர் அம்மணத்தை நாடி வருவது குறைவு. பெண் ஈ விரும்பும் ஆணும் அதுவே! ஆகவே பூவை முந்திக்கொண்டு பொறி அந்த ஆணை ஈர்த்தாக வேண்டும்.

இது சிறிய விடயமன்று. 2003இல் கென்யாவிலே புதிதாக ஒரு பழ ஈ தென்பட்டு, ஆபிரிக்காவின் மாம்பழ ஏற்றுமதிக்கே பெருங்கேடு விளைவித்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடியவர்கள் அதே ஈயை நமது இலங்கையிலே கண்டார்கள். 2005இல் அதற்குத் தனிப்பெயர் சூட்டினர். 2015இல் அது ஆசியாவெங்கும் வாழும் பழைய கீழைத்தேயப் பழ ஈயே என்று முடிவு செய்தனர்.

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வளவில் ஒரு மாமரமோ கொய்யாமரமோ வைத்திருப்போர் ஒரு போத்தலைத் தொங்கவிட்டு நிம்மதி அடைய இயலாது. அடுத்த வளவிலே இணைந்த பெண் ஈ மதிலைத் தாண்டி வந்து முட்டையிடும். ஒழுங்கை முழுவதும் சேர்ந்து, மரம் காய்க்கத் தொடங்குமுன்பே பொறிகளைத் தொங்கவிட்டாலன்றிப் பயன் பெரிதாகாது. தனியொருவர் செய்யக்கூடியவை இரண்டு. காய் முற்றுமுன் அதனைக் கடதாசிப் பையால் மூடிவிட்டால் பெண் ஈக்கு இடமில்லை. முற்றிய புழு பழத்தைவிட்டு வெளியேறி, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய பத்து நாளில் ஈயாக எழும்பும். ஆதலால் விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி, பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டுவிடுங்கள். குப்பைமேட்டில் எறிந்தால் புழுக்கள் அங்கேயே மண்ணுக்குள் இறங்கிவிடும்.